வினாத்தாளைப் பூட்டி வைக்க வேண்டாத பாடம்

(வெள்ளவத்தையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், கொழும்பில் மனித–கணினி இடைவினை என்ற பாடத்தைக் கற்பிக்கிறவர்கள் தங்கள் பாடப்பொருள்களையும் கற்பிக்கும் உத்திகளையும் ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்க வேண்டும் என்பது. கேட்பதற்குச் சின்ன விடயமாகத் தெரியும். ஆனால் இந்தப் பாடத்தை நன்றாகக் கற்ற ஒரு பிள்ளைதான் நாளைக்கு வங்கி இயந்திரத்தின் திரையை, ஆஸ்பத்திரியில் இலக்கம் எடுக்கும் செயலியை, பரீட்சை விண்ணப்பப் படிவத்தை வடிவமைக்கப் போகிறது. அந்தத் திரைகளுக்கு முன்னால் நிற்கப்போவது நம்முடைய தாய்தகப்பன்மார். எனவே இது எனக்குப் பெரிய விடயம்.

பாடத்தைப் பற்றிப் பிற துறையினருக்கு ஓரிரு வார்த்தை. ஒருவர் ஒரு கருவியைப் பயன்படுத்தும்போது எங்கே தயங்குகிறார், எதைத் தவறாக விளங்கிக்கொள்கிறார், ஏன் பாதியில் விட்டுவிட்டுப் போகிறார் என்பதைக் கவனித்து, அதற்கேற்பக் கருவியை மாற்றியமைப்பதைக் கற்பிக்கும் பாடம் இது. அமெரிக்கக் கணினியியல் சங்கமான ஏ.சி.எம். அமைப்பினுள் இதற்கென ஒரு தனிக் குழு 1982இல் உருவானது. பத்து ஆண்டுகள் கழித்து, 1992இல், அந்தக் குழு இப்பாடத்துக்கான முதல் பாடத்திட்ட அறிக்கையை வெளியிட்டது. உளவியல் மாணவருக்கு ஒன்று, முகாமைத்துவ மாணவருக்கு ஒன்று, கணினியியல் மாணவருக்கு இரண்டு என நான்கு மாதிரிப் பாடநெறிகள் அதில் இருந்தன. 2001ஆம் ஆண்டின் பொதுக் கணினிப் பாடத்திட்டம் இப்பாடத்துக்குக் கட்டாயமாக ஒதுக்கிய நேரம் எட்டு மணித்தியாலம். எட்டு மணித்தியாலத்துக்குள் மனிதரைப் பற்றி எப்படிக் கற்பிப்பது என்ற கேள்வி அன்றிலிருந்து உலகெங்கும் ஆசிரியர்களைத் துரத்துகிறது.

பிறகு 2011 தொடக்கம் சில ஆண்டுகள் எலிசபெத் சர்ச்சில், ஆன் பவுசர், ஜெனி பிரீஸ் ஆகியோர் பல நாடுகளின் ஆசிரியர்களிடமும் மாணவர்களிடமும் தொழில் செய்பவர்களிடமும் கருத்துக் கேட்டார்கள். எல்லோருக்கும் பொருந்தும் நிரந்தரமான பாடத்திட்டம் ஒன்று சாத்தியமில்லை. ஆசிரியர்கள் தம் பொருள்களைத் தொடர்ந்து பகிர்ந்து, திருத்தி, சேர்த்துக்கொண்டே போகும் ஓர் உயிருள்ள பாடத்திட்டமே வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்கள். இதன் தொடர்ச்சியாக 2019இல் கிளாஸ்கோ நகரில் இப்பாடத்தின் ஆசிரியர்களுக்கென்றே ஒரு கருத்தரங்கு கூடியது. அது இன்றும் நடக்கிறது. ஆய்வு முடிவுகளுக்கு இருக்கும் மரியாதை ஒரு நல்ல ஒப்படைக்கும் உண்டு என்று அந்தச் சபை ஏற்றுக்கொண்டதுதான் எனக்கு அதில் முக்கியமாகப் படுகிறது.

இனி நம் ஊருக்கு வருவோம்.

2000ஆம் ஆண்டில் கொழும்புப் பல்கலைக்கழகம் பி.ஐ.ரி. என்ற தகவல் தொழில்நுட்ப வெளிவாரிப் பட்டத்தைத் தொடங்கியது. பாடவிதானமும் பரீட்சையும் பல்கலைக்கழகத்தினுடையவை. கற்பித்தல் பெரும்பாலும் தனியார் நிறுவனங்களில். வெளிநாட்டுப் பட்டங்களும் டிப்ளோமாக்களும் உண்டு. காலி வீதியில் பம்பலப்பிட்டியிலிருந்து வெள்ளவத்தை வரை நடந்தால் மாடிக்கு மாடி கணினி வகுப்புப் பலகை தொங்கும். கொட்டாஞ்சேனையிலும் அப்படித்தான். இவற்றில் கற்பிப்பவர்கள் பெரும்பாலும் வருகை விரிவுரையாளர்கள். காலையில் ஓரிடம், மாலையில் ஓரிடம், சனி ஞாயிறு இன்னோரிடம். ஒரே பாடத்தைக் கற்பிக்கும் இருவர் ஒரே கட்டடத்தின் படியில் ஏறி இறங்கி, ஒருவரை ஒருவர் தெரியாமலே ஆண்டுக்கணக்காக இருப்பார்கள்.

அதோடு நம்மிடம் ‘ரியூட்’ என்ற வழக்கம் இருக்கிறது. உயர்தர ரியூசன் வகுப்பில் ஆசிரியர் அச்சடித்துக் கொடுக்கும் அந்தத் தாள்தான் அவருடைய முதல். ஒவ்வொரு பக்கத்திலும் அவர் பெயர் இருக்கும். போட்டோகொப்பி எடுக்கக்கூடாது என்றும் இருக்கும். அதை நான் குறை சொல்லமாட்டேன். இரசாயனத்திலோ இணைந்த கணிதத்திலோ ஒரு கணக்கும் அதன் விடையும் சேர்ந்ததுதான் சரக்கு. விடை வெளியே போனால் கணக்கு செத்துவிடும். மாதச் சம்பளம் இல்லாமல் மாணவர் எண்ணிக்கையை நம்பி வாழும் ஓர் ஆசிரியர் தன் உழைப்பைக் காப்பாற்றிக்கொள்வது நியாயம். பல்கலைக்கழகத்தில் நிரந்தரப் பதவியில் இருந்துகொண்டு அவருக்குப் பகிர்வைப் பற்றி உபதேசம் செய்வது எளிது. அந்த உபதேசத்தை நான் செய்யப்போவதில்லை.

ஆனால் மனித–கணினி இடைவினை அந்தக் கணக்கில் சேராது. இங்கே விடை ஆசிரியரிடம் இல்லை. விடை ஒவ்வொரு மாணவருடைய வீட்டிலும், கடைத்தெருவிலும், பஸ்ஸிலும் இருக்கிறது. ‘உன் வீட்டில் மூத்தவர் ஒருவர் கைப்பேசியில் ஒரு படத்தை அனுப்புவதைப் பார்த்து எழுது’ என்ற ஒப்படையை நான் ஐந்நூறு பேருக்குக் கொடுத்தாலும் ஐந்நூறு விடை வரும். அதே ஒப்படையைப் பக்கத்து நிறுவன ஆசிரியரும் கொடுத்தால் எனக்கு ஒரு நட்டமும் இல்லை. எனக்குத் தெரியாத இன்னொரு தெருவின் விடைகள் கிடைக்கும். கொடுப்பவருக்குக் குறையாத பாடம் இது. இதை விளங்கிக்கொண்டால் பூட்டி வைக்கும் பழக்கத்துக்குக் காரணமே இல்லாமல் போகிறது.

எதைப் பகிர்வது? பகிர்வு என்றதும் எல்லோரும் ஸ்லைட்டுகளைத்தான் நினைக்கிறார்கள். ஸ்லைட்டுகள் ஏற்கெனவே உலகம் முழுக்கக் கிடைக்கின்றன. இந்தியாவில் ஐ.ஐ.ரி.களும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்தும் என்.பி.ரி.ஈ.எல். திட்டத்தில் இப்பாடம் முழு விரிவுரைகளாக இருக்கிறது. மும்பை ஐ.ஐ.ரி.யின் வடிவமைப்புத் துறையில் பேராசிரியர் ரவி பூவையா முன்னின்று உருவாக்கிய ‘டி-சோர்ஸ்’ தளத்தில் வடிவமைப்புப் பாடங்களும் கள ஆய்வுகளும் படத்தொகுப்புகளும் யாருக்கும் திறந்து கிடக்கின்றன. இவற்றைக் கைகூப்பி ஏற்றுக்கொள்ள வேண்டும். அங்கே இல்லாதது ஒன்றுதான்: கொழும்பு.

ஓர் உதாரணத்தைக் கிட்ட வைத்துப் பார்ப்போம். ‘கொட்டாஞ்சேனை’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கு ஆறு எழுத்து. யுனிகோட் குறியீட்டில் கணினி அதைப் பன்னிரண்டாக எண்ணுகிறது. அகரமேறிய மெய்க்கு ஒன்று, குறிக்கு ஒன்று. முகவரிப் படிவத்தில் ஊர்ப்பெயருக்குப் பத்து இடம் மட்டும் விட்டவர் ஆங்கிலத்தை மனதில் வைத்து விட்டிருக்கிறார். நாம் தட்டச்சு செய்தால் ‘கொட்டாஞ்சே’ என்று பெட்டி நின்றுவிடும். வேறிடத்தில் முழுச் சொல்லையும் அடித்து, கடைசி எழுத்தை அழிக்கப் பின்னழிப்பு விசையை ஒருமுறை அமுக்கினால் பல செயலிகளில் ‘னை’ முழுதாகப் போகாது. குறி மட்டும் கழன்று ‘ன’ நிற்கும். எழுத்துருவைச் சரியாகக் கையாளாத திரையில் ‘கொ’ உடைந்து கொம்பு ஒரு பக்கம், அரவு ஒரு பக்கம் என்று கிடக்கும். நம் ஊர்ப் பெயர்ப்பலகைகளில் அந்தக் காட்சியை எல்லோரும் பார்த்திருக்கிறோம். குறுஞ்செய்தியில் ஆங்கிலத்துக்கு 160 எழுத்து இடம் இருந்தால் தமிழுக்கும் சிங்களத்துக்கும் 70தான். அதிலும் நம் எழுத்துகளில் பல இரண்டு இடத்தைப் பிடிக்கும். இத்தனையையும் ஒரே சொல்லை வைத்து அரை மணித்தியாலத்தில் கற்பிக்கலாம். மாணவர்கள் தங்கள் கைப்பேசியில் உள்ள செயலிகளில் ஒவ்வொன்றாக அந்தச் சொல்லை எழுதிப் பார்த்து, எங்கே உடைகிறது என்று பட்டியலிடுவார்கள். எந்த மேல்நாட்டுப் பாடநூலிலும் இந்தப் பயிற்சி இருக்காது. சிங்களம் பேசும் ஆசிரியர் தம் ஊர்ப்பெயரை வைத்து இதையே செய்யலாம். அவர்களுடைய கொம்புவவும் இதே கஷ்டத்தைப் படுகிறது.

தட்டச்சும் அப்படித்தான். தமிழ்நாட்டில் 1999இல் தமிழ்99 விசைப்பலகையை அரசு ஏற்றது. இங்கே அச்சகங்களிலும் பத்திரிகை அலுவலகங்களிலும் பாமினி எழுத்துருவின் விசைமுறையில் பழகியவர்கள் ஏராளம். அரச தரத்தில் இருப்பது ரங்கநாதன் விசைப்பலகை. இளம்பிள்ளைகள் ஆங்கில எழுத்தில் ஒலிப்படி அடிக்கிறார்கள், அல்லது குரல் பதிவு அனுப்பிவிடுகிறார்கள். பாமினியில் கை பழகிய ஓர் அச்சக ஊழியரையும் ஒலிப்படி அடிக்கும் ஒரு மாணவரையும் பக்கத்தில் பக்கத்தில் இருத்தி ஒரே பந்தியை அடிக்கச் சொன்னால், பழக்கம், வேகம், பிழை, சோர்வு என்று ஒரு தவணைக்கான பாடம் அந்த மேசையில் இருக்கிறது.

அடுத்தது உத்தி. இதில்தான் நாம் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்க வேண்டியது மிக அதிகம்.

பயனரைக் கவனிப்பதற்கு உலகெங்கும் கற்பிக்கப்படும் முறை, செய்துகொண்டே மனதில் தோன்றுவதை வாய்விட்டுச் சொல்லச் சொல்வது. ஐ.பி.எம். நிறுவனத்தில் இருந்த கிளேட்டன் லூயிஸ் 1982இல் இதை இடைமுக வடிவமைப்புக்குக் கொண்டுவந்தார். நல்ல முறைதான். ஆனால் வெள்ளவத்தை மாடிவீடு ஒன்றில் ஒரு பிள்ளை தன் அம்மம்மாவுக்கு முன்னால் குறிப்புப் புத்தகத்தோடு உட்கார்ந்து, ‘இந்தச் செயலியில் என்ன பிழை இருக்கு, சொல்லுங்கோ’ என்றால் என்ன வரும்? ‘ஒரு பிழையும் இல்லைப் பிள்ளை, எல்லாம் நல்லாத்தான் இருக்கு’ என்ற பதில்தான் வரும். பேத்தியின் பரீட்சைக்கு உதவ வேண்டும் என்ற அன்பு அது. தனக்குத் தெரியவில்லை என்று காட்டிக்கொள்ள விரும்பாத கூச்சமும் அதில் கலந்திருக்கும். அறிக்கையில் மாணவர் ‘பயனர் திருப்தி’ என்று எழுதிவிடுவார்.

கொட்டாஞ்சேனைப் பக்கம் கற்பிக்கும் ஒரு நண்பர் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார். மூத்தவரிடம் கேள்வி கேட்கவேண்டாம். அவரையே ஆசிரியர் ஆக்குங்கள், பக்கத்து வீட்டு அன்ரி ஒருவருக்குச் சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்கள், நீங்கள் ஒதுங்கியிருந்து கேளுங்கள் என்பார். என் மாணவி ஒருவர் அப்படிச் செய்தார். கனடாவில் இருக்கும் மகனுக்கு வட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்புவது எப்படி என்று அம்மம்மா பாடம் நடத்தினார். நடுவில் சொன்ன வசனம் இது: ‘மேல இருக்கிற அந்தப் போன் படத்தை மட்டும் அமத்திப்போடாதேங்கோ. அமத்தினா அவனுக்குக் கோல் போயிடும், அங்க இப்ப சாமம்.’ அவர் திரையின் மேல்பகுதியைத் தொடுவதே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. தேடல், படங்கள், அமைப்புகள் எல்லாம் அந்தப் பக்கத்தில்தான் இருக்கின்றன. தவறுதலாக ஒரு கோல் போய்விடுமோ என்ற பயம் ஒரு முழுப் பகுதியையே அவருக்கு இல்லாமலாக்கிவிட்டது. பிழையைத் தடுப்பது, செய்ததை மீளப்பெறுவது என்று புத்தகத்தில் உள்ள கோட்பாடுகளை இதைவிடத் தெளிவாக எனக்குக் கற்பிக்கத் தெரியாது.

இருவரைச் சேர்த்து உட்காரவைத்துப் பேச்சை வரவழைக்கும் முறை புதிதல்ல. ஜப்பானிய ஆய்வாளர் நவோமி மியாகே 1986இல் இதன் அடிப்படையை எழுதியிருக்கிறார். நண்பர் அதைப் படித்துச் செய்யவில்லை; வகுப்பில் பட்டு அறிந்தார். நண்பரின் வழி என் காதுக்கு எட்டியதுகூட விடைத்தாள் திருத்தும் அறையில் தேநீர் நேரத்துப் பேச்சில், தற்செயலாக. அன்று நான் வேறு மேசையில் இருந்திருந்தால் என் மாணவர்கள் இன்றும் ‘பயனர் திருப்தி’ என்றே எழுதிக்கொண்டிருப்பார்கள். நல்ல உத்தி ஒன்று கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்கு வர இப்படிப்பட்ட தற்செயலை நம்பியிருப்பது எனக்குப் பொறுக்க முடியாத ஒன்று.

மும்பையில் இதே சிக்கலைச் சந்தித்தவர் அபாலா லாஹிரி சவான். 2000களின் தொடக்கத்தில் அவர் உருவாக்கிய முறைக்கு ‘பொலிவுட் முறை’ என்றே பெயர். விமானச் சீட்டு விற்கும் தளம் ஒன்றைச் சோதிக்க வேண்டும். ‘சீட்டு எடுங்கள், என்ன கஷ்டம் சொல்லுங்கள்’ என்று கேட்டால் இந்தியப் பயனர்கள் குறை சொல்லத் தயங்கினார்கள். அவர் ஒரு கதையைக் கொடுத்தார்: உங்கள் அன்புக்குரிய மருமகளுக்குக் கலியாணம், மாப்பிள்ளை கூலிக்குக் கொலை செய்பவன், ஏற்கெனவே மணமானவன் என்று உங்களுக்குத் தெரியவருகிறது, ஆதாரம் உங்கள் கையில், உடனே சீட்டு எடுத்து பெங்களூர் போய்த் தடுக்க வேண்டும். கதைக்குள் போனவர்கள் தளத்தின் தாமதத்தையும் குழப்பத்தையும் வாய்விட்டுத் திட்டினார்கள். அந்த உத்தி எழுதப்பட்டதால் உலகம் அறிந்தது. எழுதாமல் இருந்திருந்தால் ஓர் அலுவலகத்தோடு போயிருக்கும். பயனர் சோதனையில் பண்பாடு எப்படிக் குறுக்கிடுகிறது என்பதை டென்மார்க், இந்தியா, சீனா நாடுகளின் ஆய்வாளர்கள் சேர்ந்து பின்னர் விரிவாக ஆராய்ந்தார்கள், குவாஹாட்டி ஐ.ஐ.ரி.யின் பிரதீப் யம்மியாவர் அவர்களில் ஒருவர். அந்த வரிசையில் கொழும்பின் அனுபவமும் இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

நம்மிடம் உலகத்தரமான உதாரணங்களும் உண்டு. இலங்கையில் பிறந்த சுரங்க நாணயக்கார, செவிப்புலன் குறைந்தவர்கள் இசையை உடம்பால் உணரும்படி அதிரும் ஒரு நாற்காலியை வடிவமைத்து, அதை இங்கே செவிப்புலனற்றோர் பாடசாலை மாணவர்களோடு சோதித்தார். அந்த ஆய்வு 2009இல் இத்துறையின் முதன்மை மாநாட்டில் வெளியானது. பாதத்திலும் முதுகிலும் கையிலும் இசை போய்ச் சேரும்போது பிள்ளைகள் என்ன செய்தார்கள் என்பதைக் கற்பிக்க, அமெரிக்கப் பாடநூல்களில் வரும் கதவுக் கைப்பிடிகளின் படத்தைத் தேடிப்போக வேண்டியதில்லை. இந்த ஆய்வை நம் ஆசிரியர்களில் எத்தனை பேர் வகுப்புக்குக் கொண்டுபோகிறோம்?

பகிர்வு நம் மண்ணுக்குப் புதிதும் அல்ல. 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த சாமுவேல் கிறீன், தமிழில் கற்பிக்க முடிவுசெய்தபோது பாடநூல்களைத் தமிழாக்கி, கலைச்சொற்களைத் தொகுத்து அச்சிட்டார். வகுப்பறையில் சொன்னது வகுப்பறையைத் தாண்டிப் போனதால்தான் இன்று அவரைப் பற்றிப் பேசுகிறோம். நம் காலத்தில், 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் ஈழத்து எழுத்துகளை யாரும் படிக்கத் திறந்து வைத்தது. நாவலையில் உள்ள இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஷிரோனிக்கா கருணாநாயக்கவும் அவர் குழுவினரும், பட்டப்பின் டிப்ளோமா பயிலும் ஆசிரியர்களோடு சேர்ந்து திறந்த கல்வி வளங்களைப் பயன்படுத்துவதையும் மாற்றியமைப்பதையும் தாமே ஆக்குவதையும் ஆண்டுக்கணக்காக ஆராய்ந்திருக்கிறார்கள். பாடசாலை ஆசிரியர்களால் முடிந்தது, கணினி கற்பிக்கும் எங்களால் முடியாதா?

நான் கேட்பது இதுதான். ஒப்படையைக் கொடுங்கள், கூடவே அதன் புள்ளித்திட்டத்தையும் கொடுங்கள். எதற்கு எத்தனை புள்ளி என்பதில்தான் ஓர் ஆசிரியர் எதை மதிக்கிறார் என்பது தெரியும். அந்த ஒப்படை எந்த வகுப்பில் சரிவரவில்லை, ஏன் என்பதையும் அரைப்பக்கம் எழுதுங்கள். புதிதாக வரும் விரிவுரையாளருக்கு நல்ல ஸ்லைட்டைவிட அந்த அரைப்பக்கம் பயன்படும். பயனர் பேசியதை அவர் பேசிய மொழியிலேயே எழுதி வையுங்கள். எங்கள் பாடநெறிகள் ஆங்கிலத்தில் நடப்பதால், கவனிப்பு தமிழிலோ சிங்களத்திலோ நடந்து அறிக்கை ஆங்கிலத்தில் வருகிறது; அந்த அம்மம்மாவின் சாமமும் பயமும் அந்த வழியில் உதிர்ந்து, ‘பயனர் தயங்கினார்’ என்ற இரண்டு சொல் மிஞ்சுகிறது. மூல வசனமும் கீழே ஆங்கில விளக்கமும் சேர்ந்தே இருக்கட்டும்.

ஒரு கண்டிப்பு. கவனிக்கப்பட்டவரின் சம்மதம் அவருக்கு விளங்கும் மொழியில் எழுத்தில் இருக்க வேண்டும். பெயர், முகம், கைப்பேசி இலக்கம் எதுவும் வெளியே போகக்கூடாது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அது இல்லாவிட்டாலும் வீட்டுக்குள் விட்ட மனிதருக்கு நாம் செய்ய வேண்டிய மரியாதை இது. தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் ஒழுங்கான ஒரு சம்மதப் படிவத்தை எல்லோரும் சேர்ந்து ஒருமுறை எழுதிவிட்டால், ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனியே அரைகுறையாக எழுதும் வேலை மிச்சம்.

உழைப்புக்குப் பெயர் வேண்டும் என்பதையும் சொல்லவேண்டும். பதவி உயர்வில் ஆய்வுக் கட்டுரை எண்ணப்படும் அளவுக்கு ஒப்படை எண்ணப்படுவதில்லை. வருகை விரிவுரையாளருக்கு அந்த உயர்வும் இல்லை. எனவே பகிரப்படும் ஒவ்வொரு தாளிலும் ஆக்கியவர் பெயர் இருக்க வேண்டும், திருத்தியவர் பெயர் அதற்குக் கீழே சேர வேண்டும். 2002இலிருந்து புழக்கத்தில் உள்ள கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமங்கள் இதற்காகவே எழுதப்பட்டவை. பெயரைக் குறிப்பிட்டு யாரும் பயன்படுத்தலாம், விற்பனைக்குப் பயன்படுத்தக்கூடாது என்று வேண்டுமானால் அதற்கும் ஓர் உரிமம் உண்டு. ரியூட்டில் பெயர் அச்சடிக்கும் நம் வழக்கத்தோடு இது நன்றாகப் பொருந்தும்.

என் ஒப்படைகள், புள்ளித்திட்டங்கள், சரிவராத வகுப்புகளைப் பற்றிய குறிப்புகள் அனைத்தையும் இன்று முதல் அந்த உரிமத்தில் விடுகிறேன். ஒரு பிரதி வாசலில் உள்ள மேசையில் இருக்கிறது, போட்டோகொப்பி எடுக்கலாம். ‘அம்மம்மாவை ஆசிரியராக்கும்’ ஒப்படையில் நண்பரின் சம்மதத்தோடு அவர் பெயரே முதலில் இருக்கிறது. சிங்கள வடிவம் இன்னும் இல்லை. அதைச் செய்ய முன்வருபவர் இந்தச் சபையில் இருந்தால், கூட்டம் முடிந்ததும் தயவுசெய்து என்னைச் சந்தியுங்கள்.